குத்துச்சண்டையை மறுபடியும் பார்க்க வைக்கும் ஜோடிகள் எவை?

நொய்யல்கரை | 12 அக்டோபர் 2025, காலை 7:40

சென்ற மாதம் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்து, லாஸ் வேகஸில் கனேலோ ஆல்வாரெஸும் டெரன்ஸ் கிராஃபர்டும் மோதியதைப் பார்த்தோம். அவர்களில் குத்துச்சண்டையைத் தொடர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவர்கள் ஒரு விசேஷத்துக்காக முதல் நாளே வந்து தங்கியிருந்த உறவினர்கள். 76 கிலோ பிரிவில் நான்கு அமைப்புகள் தரும் நான்கு பட்டங்களையும் வைத்திருந்த ஒருவரை, இரண்டு பிரிவு கீழிருந்து ஏறிவந்த இன்னொருவர் பன்னிரண்டு சுற்றும் பதறாமல் ஆடிப் புள்ளிக்கணக்கில் வென்றதை, விதிகளே சரியாகத் தெரியாத என் சித்தப்பா இடையில் ஒரு முறைகூட எழுந்து போகாமல் பார்த்தார். முடிந்ததும் அவர் கேட்ட கேள்விதான் இந்த இழையைத் தொடங்கச் செய்தது: "இதே மாதிரி அடுத்தது எப்போது?"

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குத்துச்சண்டையின் நோய் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நல்ல சண்டை நடக்கிறது, உலகமே திரும்பிப் பார்க்கிறது, அதன் பிறகு மாதக்கணக்கில் வெற்றிடம்.

நம் பக்கம் பொங்கல் சமயத்தில் பூலாம்வலசில் நடக்கும் சேவற்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டு நடக்கும் நேரத்தைவிட ஜோடி சேர்ப்பதற்கு ஆகும் நேரம் அதிகம். உயரம் ஒத்துவர வேண்டும், எடை ஒத்துவர வேண்டும், இளசோடு கிழடைச் சேர்க்கக் கூடாது. குத்துச்சண்டைக்கும் ஜோடி பொருந்துவதே முதற்காரியம் என்றாலும், அங்கே ஜோடி சேர்ப்பவர்கள் சண்டையைப் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மேவெதருக்கும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவுக்கும் 2009 இறுதியில் பேச்சு நடந்து, ரத்தப் பரிசோதனை விதிகளில் வந்த தகராறால் முறிந்து, கடைசியில் 2015 மே 2 அன்று அவர்கள் மேடையேறியபோது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் பணம் கட்டிப் பார்த்தன. ஐந்தாண்டுக்கு முன் நடந்திருக்க வேண்டிய சண்டையின் நிழலைத்தான் அவர்கள் பார்த்தார்கள். முதன்முறையாகக் குத்துச்சண்டை பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் அன்றோடு திரும்பிப் போனார்கள்.

ஆகவே நான் கேட்பது, இன்னும் காலம் தப்பாத ஜோடிகள் எவை என்பதே. என் பட்டியலில் மூன்று இருக்கின்றன.

முதலாவது நாவோயா இனோவேயும் ஜுன்டோ நகதானியும். இருவரும் ஜப்பானியர்கள், இன்றைய தேதியில் இருவரும் 31 சண்டைகளில் 31 வெற்றி பெற்றவர்கள். சென்ற மார்ச்சில் ஒரு விருது விழா மேடையிலேயே இனோவே அழைப்பு விடுத்தார். டோக்கியோ டோமில் சந்திப்போம் என்று இருவரும் கைகுலுக்கிக் கொண்டார்கள். இரண்டாவது திமித்ரி பிவோலும் டேவிட் பெனவிடெஸும். மூன்றாவது ஷகூர் ஸ்டீவன்சனும் ஜெர்வான்டா டேவிஸும். மூன்றிலும் முதலாவது நடந்தால் போதும் என்னும் அளவுக்கு எனக்கு அதன் மீது ஆசை இருக்கிறது.

உங்கள் ஜோடிகளைக் காரணத்தோடு எழுதுங்கள்.

உடுமலை_ரேக்ளா | 12 அக்டோபர் 2025, காலை 9:15

அண்ணா, உங்கள் பட்டியலில் மிகக் கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் ஒருவர்கூட இல்லை. பொதுமக்கள் குத்துச்சண்டையைத் திரும்பிப் பார்த்த காலங்களை எண்ணிப் பாருங்கள். அலி, ஃபோர்மன், டைசன் என்று பெரும்பாலும் ஹெவிவெயிட் வீரர்களின் பெயர்களே வரும். 55 கிலோ வீரர் எவ்வளவு நுட்பமாக ஆடினாலும், ஒரே குத்தில் எல்லாம் மாறிவிடும் என்ற பதற்றம் அங்கே அந்த அளவுக்கு வராது என்பது என் எண்ணம்.

என் முதல் தேர்வு டைசன் ஃப்யூரியும் அந்தோணி ஜோஷுவாவும். சென்ற ஆண்டு செப்டம்பரில் ஜோஷுவாவும் டேனியல் டுபுவாவும் மோதியதைப் பார்க்கவே வெம்ப்ளி மைதானத்தில் 96,000 பேர் கூடினார்கள் என்றால், ஃப்யூரி எதிரில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டாவது அலெக்சாண்டர் உசிக்கும் மோசஸ் இட்டாமாவும். ஒருவர் இரண்டு முறை நான்கு பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த ஹெவிவெயிட். மற்றவர் இருபது வயதுப் பையன், ஆகஸ்டில் டிலியன் வைட்டை முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர்.

ஓமலூர்_இடதுகை | 12 அக்டோபர் 2025, மதியம் 1:05

கல்லூரிக் காலத்தில் நான்கு ஆண்டுகள் 60 கிலோ பிரிவில் ஆடியவன் என்ற முறையில், மேடையின் உள்ளேயிருந்து பார்ப்பது போல இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

சிறிய எடையில் பதற்றம் இல்லை என்று உடுமலைத் தம்பி எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இனோவே 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நேரியின் இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்தில், முதல் சுற்றிலேயே விழுந்தார். அவர் தொழில்முறையில் விழுந்தது அதுவே முதல் முறை. எழுந்து வந்து ஆறாவது சுற்றில் முடித்தார். இந்த ஆண்டு மே மாதம் லாஸ் வேகஸில் ரமோன் கார்டெனாஸிடம் இரண்டாவது சுற்றில் மறுபடியும் விழுந்து, எட்டாவதில் வென்றார். விழும் வாய்ப்பு இருந்தும் பின்வாங்காமல் முன்னேறிச் செல்கிற ஒருவருக்கு எதிராக, அவரைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் உயரமான, ஐந்து வயது இளைய, இடதுகைக்காரரான நகதானியை நிறுத்துவது எவ்வளவு அபாயகரமான ஜோடி என்பதை விளக்க வேண்டும்.

இடதுகைக்காரர் எதிரில் வரும்போது சண்டை முன்காலில் தொடங்குகிறது. வலதுகைக்காரரின் முன்கால் இடதுகால். இடதுகைக்காரரின் முன்கால் வலதுகால். இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எவர் தம் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறமாகக் கொண்டுபோய் வைக்கிறாரோ, அவருடைய பின்கைக்கு நேர்வழி திறந்துவிடும். பார்ப்பவர் கண் எல்லாம் கையிலேயே இருக்கும், எங்கள் கண் காலில் இருக்கும். நகதானியின் நீளமான இடதுகை அந்த வழியாகவே வரும். இனோவே அதைத் தடுக்க உள்ளே புகுந்து விலாவில் அடிக்க வேண்டும். உள்ளே புகும் அந்த ஒரு கணத்தில் கீழிருந்து மேலே வரும் நகதானியின் அப்பர்கட் காத்திருக்கும். இந்தச் சண்டை யாருக்குச் சாதகம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாத ஜோடியே நல்ல ஜோடி.

பிவோலும் பெனவிடெஸும் வேறு வகை. பிவோல் ஓர் அடி உள்ளே வந்து இரண்டு குத்து வைத்துவிட்டு, எதிராளி கை தூக்குவதற்குள் ஓர் அடி வெளியே போய்விடுகிறவர். பெனவிடெஸோ இரண்டு குத்தோடு நிறுத்தாமல் ஆறு, ஏழு என்று தொடுப்பவர். ஆனால் வாய்ப்பு ஒரு முறை நழுவிவிட்டது; ஏற்கெனவே இரண்டு முறை மோதிய பெத்தர்பியேவுடன் மூன்றாவது சண்டையை எதிர்பார்த்துப் பிவோல் தம்மிடமிருந்த நான்கில் ஒரு பட்டத்தை விட்டுக்கொடுத்தார், அது மேடையேறாமலேயே பெனவிடெஸிடம் போனது.

ஃப்யூரியும் ஜோஷுவாவும் மோதுவதற்கான காலம் 2021. அந்த ஆண்டு ஆகஸ்டில் சவூதியில் நடத்துவதாகப் பேசி முடித்த பிறகு, ஃப்யூரி முதலில் வைல்டரைச் சந்தித்தாக வேண்டும் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு இருவரும் தோற்றுவிட்டார்கள், வயதும் ஏறிவிட்டது. நடந்தால் பார்ப்பேன். ஆனால் அது குத்துச்சண்டையைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பவில்லை.

குண்டடம்_பெரியவர் | 12 அக்டோபர் 2025, மாலை 5:30

தம்பிமார்களே, உசிக்குக்கும் அந்த இருபது வயதுப் பையனுக்கும் ஜோடி போடுவதைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும்.

1980-இல் நான் சென்னையில் வண்ணாரப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டில்தான் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி; முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மேடையில் இருந்தார். நான் வெகுதூரத்தில் நெரிசலில் நின்றிருந்தேன், அலியின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் அவர் கால் நகர்ந்த விதம் தெரிந்தது. எல்லிஸ் அவருக்குச் சிறுவயது முதலே தோழர். 1971-இல் இருவரும் உண்மையாகவே மோதி, பன்னிரண்டாவது சுற்றில் அலி வென்றிருக்கிறார். அன்று மைதானத்தில் நின்றவர்களில் எவரும் அவரை முடிந்துபோன மனிதராக நினைக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் அவர் பத்து சுற்று அடி வாங்கினார். பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்த நாளில் நான் சாப்பிடவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அது மறக்கவில்லை.

உசிக்குக்கு 38 வயது. இன்று அவர் அலியைப் போல் தளர்ந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் முடித்தவர் அவர். ஆனால் இளசையும் முதிர்ந்ததையும் சேர்த்துவிட்டு, விளையாட்டுக்குப் புத்துயிர் வரும் என்று எதிர்பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பட்டம் கை மாறும், பார்ப்பவர் மனம் நோகும்.

அந்தக் காலத்து வடசென்னையைப் பற்றியும் ஒரு சொல். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள், அதாவது குழுக்கள், இருந்தன. ஒரு பரம்பரைக்காரர் தோற்றால் அவமானம் அவரோடு முடியாது. ஆனால் மறுமுறை அந்தப் பரம்பரை இன்னொருவரை இறக்கும், அல்லது தோற்றவரையே தேற்றி இறக்கும். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். நூல் கடையில் எங்களோடு மூட்டை தூக்கிய ஒருவர் அப்படி மூன்று முறை ஒருவரிடமே மோதியவர். கடைத்தெரு முழுவதும் அவர் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தது.

உடுமலை_ரேக்ளா | 12 அக்டோபர் 2025, மாலை 6:10

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இட்டாமாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் தம் வயதொத்தவர்களோடு மோதட்டும்.

சென்னிமலை_நெசவு | 12 அக்டோபர் 2025, இரவு 9:20

எல்லோரும் ஆட்களைப் பற்றி எழுதுகிறீர்கள், பார்க்கும் வழியைப் பற்றி எவரும் எழுதவில்லை. மேவெதரும் பாக்கியாவும் மோதியதை அமெரிக்காவில் தெளிவான படத்தில் பார்க்கக் கட்டணம் ஏறத்தாழ நூறு டாலர். ஒரு விளையாட்டைப் பார்ப்பதற்கு ஒரு குடும்பத்தின் வாரச் செலவைக் கேட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு எப்படித் தெரியவரும்? அலியும் ஃப்ரேசியரும் மோதியபோது ஊரே பார்த்தது. இன்று எத்தகைய ஜோடியைச் சேர்த்தாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் நடக்கிறது.

இன்னொன்று பட்டங்கள். ஒரே எடையில் நான்கு அமைப்புகள் தலைக்கு ஒரு சாம்பியனை அறிவித்தால், புதிதாக வருபவர் யாரைச் சாம்பியன் என்று நினைப்பது? ஒரு காலத்தில் எட்டே எடைப் பிரிவுகள், இன்று பதினேழு. எட்டை நான்கோடு பெருக்கக்கூடத் தேவையில்லாமல் அன்று எட்டு பேரின் பெயர் தெரிந்தால் போதும்.

நொய்யல்கரை | 13 அக்டோபர் 2025, காலை 6:50

சென்னிமலை நண்பருக்கு ஒரு திருத்தம், மரியாதையோடு சொல்கிறேன். 1971 மார்ச் 8 அன்று நடந்த அலி, ஃப்ரேசியர் முதல் சண்டையும் அமெரிக்கர்களுக்கு வீட்டில் இலவசமாகக் கிடைக்கவில்லை. திரையரங்குகளிலும் உள்ளரங்குகளிலும் சீட்டு வாங்கித்தான் பார்த்தார்கள். இருவருக்கும் தலைக்கு 25 லட்சம் டாலர் கிடைத்தது அந்த வருமானத்தை நம்பியே. ஆனால் உங்கள் கருத்தின் அடிப்படை சரி. அந்த ஒரு சண்டை பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் ஆண்டு முழுவதும் நடந்த சண்டைகள் சாதாரணத் தொலைக்காட்சியில் வந்தன. 1978 பிப்ரவரியில் அலி லியான் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்ததுகூட சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இலவசமாக ஒளிபரப்பானது. பெரிய சண்டைக்குச் சீட்டு வாங்கியவர்கள், சிறிய சண்டைகளில் அந்த ஆட்களை முன்பே அறிந்திருந்தார்கள்.

சென்ற மாதச் சண்டையை ஓர் இணையச் சந்தாவிலேயே பார்க்க முடிந்தது என்பதால்தான் என் சித்தப்பாவும் பார்த்தார். அரங்கத்தில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நான்கு கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. கதவைத் திறந்து வைத்தால் ஆட்கள் வருகிறார்கள்.

குண்டடம் ஐயா எழுதிய மூன்று முறை மோதியவரின் கணக்கை நேற்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் முதலில் காலம் தப்பாத ஜோடி என்று எழுதினேன். அது பாதிதான் என்று இப்போது தோன்றுகிறது. ஜோடிகள் ஏன் காலம் தப்புகின்றன? தோற்றுவிடுவோமோ என்ற பயத்தால். மேவெதர் 50 சண்டைகளில் 50 வெற்றியோடு ஓய்வு பெற்ற பிறகு, தோல்விக் கணக்கில் நிற்கும் அந்தப் பூச்சியம் ஒரு சொத்தாகிவிட்டது. ஒரு தோல்வி வந்தால் விலை பாதியாகிவிடும் என்று வீரரும் நினைக்கிறார், அவரை நடத்துபவரும் நினைக்கிறார், வெளிப்படையாகச் சொன்னால் இணையத்தில் எழுதும் ரசிகர்களான நாமும் நினைக்கிறோம். சேவற்கட்டில் தோற்ற சேவல் கோச்சை. அது வென்றவர் வீட்டு அடுப்புக்குப் போகிறது, அதற்கு அடுத்த கட்டு கிடையாது. மனிதர்களையும் நாம் கோச்சையாகவே நடத்துகிறோம்.

ஆனால் இந்த விளையாட்டின் பெரிய ஜோடிகளைப் பாருங்கள். சுகர் ரே ராபின்சன் நாற்பது வெற்றிகளுக்குப் பிறகு 1943 பிப்ரவரி 5 அன்று ஜேக் லமோட்டாவிடம் முதல் முறை தோற்றார். அதே மாதம் 26ஆம் தேதி அதே லமோட்டாவை வென்றார். இருபத்தொரு நாள் இடைவெளி! அந்த இடைவெளியிலும் 19ஆம் தேதி வேறொருவரோடு ஒரு சண்டை ஆடியிருக்கிறார். இருவரும் மொத்தம் ஆறு முறை மோதினார்கள். அலி 1971-இல் பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியரின் இடது ஹூக்கில் மல்லாந்து விழுந்து, தீர்ப்பிலும் தோற்றதால்தான் 1974-இலும், 1975-இல் மணிலாவிலும் உலகம் காத்திருந்து பார்த்தது. அன்று அலி வென்றிருந்தால் மணிலாவே இருந்திருக்காது. லெனார்ட் 1980 ஜூனில் மான்ட்ரியலில் டுரானிடம் தோற்று, ஐந்தே மாதத்தில் திரும்ப வந்தார். எட்டாவது சுற்றில் டுரானே போதும் என்று திரும்பி நின்றார். டுரானுடைய வாழ்வும் அதோடு முடியவில்லை, அதற்குப் பிறகும் பட்டங்கள் வென்றார்.

ஆகவே என் அளவுகோலை மாற்றிக்கொள்கிறேன். தோற்பவர் மறுபடியும் வரக்கூடிய ஜோடி வேண்டும். அப்படிப் பார்த்தால் அண்மைக் காலத்தில் குத்துச்சண்டைக்கு மிக நல்லதைச் செய்தவர்கள் பெத்தர்பியேவும் பிவோலும். 2024 அக்டோபர் 12 அன்று, நேற்றோடு ஓராண்டு, ரியாதில் பெத்தர்பியேவ் மயிரிழையில் வென்றார். நான்கு மாதம் கழித்துப் பிவோல் மயிரிழையில் வென்றார். இருவர் மதிப்பும் குறையவில்லை, கூடியது. மூன்றாவது நடந்தே ஆக வேண்டும். நான் என் பட்டியலின் இரண்டாம் இடத்திலிருந்து பெனவிடெஸை இறக்கிவிட்டு அதை வைக்கிறேன்.

ஓமலூர்_இடதுகை | 13 அக்டோபர் 2025, காலை 8:25

முழுமையாக ஏற்கிறேன். நடக்காமலேயே போன ஜோடிகளில் எனக்கு மிகவும் வலிப்பது லெனாக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லூயிஸ் போவை இரண்டாவது சுற்றில் வென்றார். தொழில்முறையில் இருவரும் உச்சத்துக்கு வந்த 1992 இறுதியில், லூயிஸைச் சந்திப்பதற்குப் பதிலாக ரிடிக் போ தம்மிடமிருந்த ஒரு பட்டத்தின் பெல்ட்டை லண்டனில் செய்தியாளர்கள் முன்னிலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸ் வென்றிருந்தாலும் போ வென்றிருந்தாலும் மறுபோட்டி வந்திருக்கும். இரண்டுமே இல்லாமல் ஒரு தலைமுறை ஏமாந்தது.

காளப்பட்டி_அம்மா | 13 அக்டோபர் 2025, மதியம் 2:40

நான் இந்த இழைக்குப் புதியவள். என் மகள் பதினாறு வயதுக்காரி, மூன்று ஆண்டுகளாகக் குத்துச்சண்டை பயில்கிறாள். அவளுக்காகத்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன். இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதியும் ஒரு பெண் ஜோடிகூட வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நொய்யல்கரை அண்ணா சொல்கிற அளவுகோலுக்கு முதலில் பொருந்துகிறவர்கள் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் அல்லவா? 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதன்முறையாகப் பெண்கள் தலைமைச் சண்டை, அதாவது அன்றைய நிகழ்ச்சியின் முக்கியச் சண்டை, ஆடியது அவர்கள்தான். ஐந்தாவது சுற்றில் டெய்லர் விழப்போகும் நிலையில் தள்ளாடியதை என் மகள் எனக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறாள். அதிலிருந்து மீண்டு அவர் வென்றார். 2024 நவம்பரில் இரண்டாவது, இந்த ஆண்டு ஜூலையில் அதே நியூயார்க் அரங்கில் மூன்றாவது. மூன்றிலும் செரானோ தோற்றார், மூன்று முறையும் கூட்டம் அவருக்காகவும் எழுந்து நின்றது. தோற்றவரைக் கோச்சையாக்காமல் ஒரு ஜோடி நடக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் நாட்டிலும் அப்படி ஒரு நாள் வந்தது. 2019 டிசம்பரில் மேரி கோமும் நிகத் ஜரீனும் டெல்லியில் 51 கிலோ தகுதிச் சுற்றில் மோதினார்கள். வாய்ப்பு கேட்டு நிகத் பகிரங்கமாகக் கடிதம் எழுதியதிலிருந்தே செய்தித்தாள்களில் அதே பேச்சு. ஆறு முறை உலகச் சாம்பியனான மேரி கோம் 9-1 என்று வென்றார், கை கொடுக்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு நிகத் 2022-இலும் 2023-இலும் உலகச் சாம்பியன் ஆனார். என் மகள் குத்துச்சண்டைக்குப் போனது நிகத்தைப் பார்த்து. ஜெயித்த நிகத்தை மட்டுமல்ல, டெல்லியில் தோற்று நின்ற நிகத்தையும் சேர்த்து.

ஆகவே என் கனவு ஜோடி இதோ. 2023-இல் 48 கிலோவில் உலகப் பட்டம் வென்ற நீத்து கங்காஸும், சென்ற மாதம் லிவர்பூலில் அதே எடையில் உலகப் பட்டம் வென்ற மீனாட்சி ஹூடாவும். இருவரும் ஹரியானாக்காரர்கள். பத்து நாள் முன்பே அறிவித்து, இருவர் கதையையும் சொல்லி, மாலை நேரத்தில், எல்லோரும் பார்க்கும் தொலைக்காட்சியில் அவர்களை மோதவிட்டால், இந்தியாவில் எத்தனை வீடுகளில் பார்ப்பார்கள்! லிவர்பூலில் 57 கிலோ தங்கம் வென்ற ஜாஸ்மின் லம்போரியா இறுதியில் வென்றது பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்ற போலந்து வீராங்கனையை. அந்தச் செய்தி எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது.

ஒரு கேள்வியும் உண்டு. அடுத்தடுத்து மோத வேண்டும் என்று எழுதுகிறீர்கள். தாயாக எனக்கு அதில் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு என்ன பதில்?

ஓமலூர்_இடதுகை | 13 அக்டோபர் 2025, மாலை 4:15

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. அதை மழுப்பிப் பதில் சொல்லக் கூடாது. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் பதினான்கு சுற்று மோதிய தென்கொரியர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகே பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன. ராபின்சன் மூன்று வாரத்தில் திரும்ப மோதியது அந்தக் காலத்து வழக்கம், இன்று எவரும் அதைச் செய்யக் கூடாது. மறுபோட்டி வேண்டும் என்று நாங்கள் கேட்பது, உடல் தேறிய பிறகு, அதே ஆண்டுக்குள் அல்லது அடுத்த ஆண்டில்.

உங்கள் மகள் ஆடும் பள்ளி, சங்க நிலைப் போட்டிகள் வேறு. மூன்றே சுற்று, தலைக்கவசம் உண்டு, பலத்த அடி விழுந்தால் நடுவர் சண்டையை நிறுத்தி எட்டு எண்ணுவார், மருத்துவர் பக்கத்தில் இருப்பார். அப்படியும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக் கூடத்தில் நடக்கும் ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிக்காக ஒருவரோடொருவர் மோதுவதைக் கவனியுங்கள். போட்டியில் வாங்குகிற அடியைவிட, கணக்கில் வராத அடி அங்கேதான் அதிகம். தலைவலி என்று அவள் சொன்னால் அந்த வாரம் கையுறையை எடுக்கவிடாதீர்கள். பயிற்சியாளர் என்ன சொன்னாலும் சரி.

ஒலிம்பிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்துச்சண்டை 2028 லாஸ் ஏஞ்சலஸில் இருக்குமா என்ற சந்தேகம் சில ஆண்டுகள் இருந்தது. வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பை ஏற்றுக்கொண்டு, இந்த ஆண்டு மார்ச்சில் சேர்ப்பதென்று முடிவானது. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் வீடுகளுக்கு எந்தக் கனவு ஜோடியையும்விட அதுவே பெரிய செய்தி.

சென்னிமலை_நெசவு | 13 அக்டோபர் 2025, இரவு 8:45

நொய்யல்கரை நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். காளப்பட்டிச் சகோதரியின் பதிவைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

பிவானி என்ற ஹரியானா ஊர், எழுத்தில் நம் பவானிக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கும் ஊர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு விஜேந்தர் சிங், அகில் குமார், ஜிதேந்தர் குமார் என்று தன் பிள்ளைகளை அனுப்பியது. விஜேந்தர் வெண்கலத்தோடு வந்தார். அந்த ஊரில் பட்டச் சண்டை எதுவும் நடந்துவிடவில்லை. ஒரே கூடத்தில் ஆடிய பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்து வளர்ந்தார்கள், ஊர் உட்கார்ந்து பார்த்தது.

நம் பக்கம் கபடி அப்படித்தான் இருக்கிறது. திருவிழா முடிந்த வாரத்தில் விளக்குப் போட்டு இரவு முழுவதும் ஆடுகிறார்கள். இந்த ஊர் அணி சென்ற ஆண்டு தோற்றது, இந்த ஆண்டு பழிதீர்க்க வருகிறது என்பது நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிடும். குத்துச்சண்டைக்குக் கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மறுபடியும் வருகிறது என்று ஊருக்குத் தெரிவதில்லை. நாம் டோக்கியோவுக்கும் ரியாதுக்கும் ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

உடுமலை_ரேக்ளா | 13 அக்டோபர் 2025, இரவு 9:30

இது எனக்கு உறைக்கிறது. உடுமலைப் பக்கம் ரேக்ளாவில் எந்த ஊர் ஜோடிக் காளை சென்ற முறை எத்தனை வினாடியில் ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் குத்துச்சண்டை ஆடும் ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் இனோவேயும் நகதானியும் டோக்கியோ டோமில் மோதினால் அன்று விடுப்பு எடுத்துப் பார்ப்பேன். ஹெவிவெயிட் மட்டும்தான் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நொய்யல்கரை | 14 அக்டோபர் 2025, காலை 7:10

உலகச் சண்டைகளைப் பார்ப்பதும் ஊர்ச் சண்டைகளைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்றே நினைக்கிறேன். என் பட்டியல் இப்போது இப்படி நிற்கிறது: இனோவே, நகதானி முதலில், பெத்தர்பியேவ், பிவோல் மூன்றாவது முறை அடுத்து, நீத்து, மீனாட்சி மூன்றாவது. ஸ்டீவன்சன், டேவிஸ் ஜோடியை நீக்கிவிட்டேன். அவர்கள் மோதினால் நல்ல சண்டையாகவே இருக்கும், ஆனால் இருவரில் எவர் தோற்றாலும் மறுமுறை வருவார் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை.

காளப்பட்டிச் சகோதரியிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு ஜோடி இருக்கிறதா?

காளப்பட்டி_அம்மா | 14 அக்டோபர் 2025, இரவு 8:05

இருக்கிறது, அண்ணா. 54 கிலோவில், ஈரோட்டுப் பக்கத்துப் பெண். சென்ற டிசம்பரில் என் மகள் அவளிடம் புள்ளிக்கணக்கில் தோற்றாள். மூன்றாவது சுற்று முழுவதும் இவள்தான் முன்னேறி அடித்தாள், ஆனால் முதல் இரண்டு சுற்றில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. பேருந்தில் திரும்பும்போது கவுந்தப்பாடி வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. பிறகு, அந்தப் பெண் இடதுகைக்காரி என்பதால் முன்காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றாள். ஓமலூர் அண்ணா எழுதியதை நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய், கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு அரைமணி நேரம் கால் வைத்துப் பார்த்தாள்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் இருவரும் மறுபடியும் சந்திக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பார்கள், சண்டைகள் பத்து மணிக்குத் தொடங்கும். சீட்டு கிடையாது. சென்ற முறை பெற்றோர்களைத் தவிர பார்க்க வந்தவர்கள் நான்கைந்து பேர் இருந்திருப்பார்கள்.

குண்டடம்_பெரியவர் | 14 அக்டோபர் 2025, இரவு 8:50

அம்மணி, நான் வருகிறேன். தாராபுரத்திலிருந்து ஈரோட்டுக்குக் காலையில் வண்டி இருக்கிறது, பத்து மணிக்குள் வந்துவிடுவேன். உட்கார நாற்காலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த முறை முகம் தெரியும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஈரோட்டுப் பெண்ணின் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள், அவளுக்கும் சேர்த்தே கை தட்டுவேன்.

ஓமலூர்_இடதுகை | 14 அக்டோபர் 2025, இரவு 9:15

நானும் வருகிறேன். சகோதரி, கூடத்தில் கோடு போட்டுப் பழகுவது நல்லது. ஆனால் தனியாக மட்டும் பழகினால் போதாது. கூடத்தில் வேறொரு இடதுகைக்காரர் இருந்தால், கையுறை இல்லாமல், குத்து விடாமல், கால்களை மட்டும் வைத்து நாளுக்குப் பத்து நிமிடம் எதிரில் நின்று பழகச் சொல்லுங்கள். அவளுடைய இடதுகால் பெருவிரல், எதிராளியின் வலதுகால் சுண்டுவிரலுக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கிருந்து வலதுகை நேராகப் போகும்.